தறி அறையில் சர்வர்

வியாழன், இரவு

ஆபீசில் கழித்துக்கட்டிய பழைய சர்வர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து தறி அறையில் வைத்துப் பத்து நாள் ஆகிறது. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். முதல் வாரம் முழுக்க அது தானாக நின்று நின்று ஓடியது. "ஸ்விட்சைத் தொட்டியா?" என்று என் மனைவி மல்லிகாவைத் தினமும் கேட்டேன். கடைசியில் உள்ளே ஒரு ரேம் மெமரி அட்டைதான் பழுது. அதைக் கழற்றியதும் சரியாகிவிட்டது.

இன்று சாயங்காலம் பெருமையாக அதைச் சொல்லப் போனேன். மல்லிகா தறியில் குனிந்து நீளவாக்கில் ஓடும் பாவில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள்.

"பத்து நாளாப் பாவு அறுந்துக்கினே இருக்குது."

சர்வரின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தேன். அனல் நேராகப் பாவு மேல் அடிக்கிறது. பட்டு இழை காயக்கூடாது என்று ஜன்னலைக்கூடத் திறக்காத அறை அது. எனக்கு ஏன் தோன்றவில்லை?

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"என் கைதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கினு இருந்தேங்க."

பெட்டியைத் தூக்கிச் சமையலறையில் வைத்துவிட்டேன். அங்கே சூடு அதிகம், நிற்குமோ என்னவோ. நின்றால் நிற்கட்டும்.

பாவு அறுந்தபோது அவள் தன் கையைச் சந்தேகப்பட்டாள். சர்வர் நின்றபோது நானும் அவள் கையைத்தான் சந்தேகப்பட்டேன்.