மீன் காதுக் கல்லும் படகு விளக்கும்

அன்புள்ள மகன் எய்னாருக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், என் முழங்கால் மட்டும் காற்று மாறுவதற்கு முந்தின நாளே சேதி சொல்லிவிடுகிறது. அந்தச் சிங்கப்பூர் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்க அங்கே ஆள் கிடையாது, அதனால் நானே கேட்டுவைக்கிறேன். இனி நம் பிள்ளைகள் சேதி. உன் அண்ணன் மகன் தூரே பூடோ பட்டணத்தில் படகோட்டிப் பரீட்சை தேறி இந்தக் குளிர்காலம் முழுக்கத் தன் பொறுப்பிலேயே கடலுக்குப் போய்வந்தான். அவன் தங்கை பெரித்துக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது, ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுந்த பெண் அவள். கடைக்குட்டி ஓலே ஜெபவீட்டில் ஒரு பாட்டைத் தனியாக நின்று முழுதும் பாடினான், நடுவில் ஸ்வெட்டர் கையில் மூக்கைத் துடைத்தானே தவிர ராகம் தப்பவில்லை. உன் மகள் உன்னியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அவள் சேதி நீளம்.

பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் பிள்ளைகள் ஆளுக்கொரு நல்ல காரியத்துக்குக் கைவேலை செய்யவேண்டும் என்றார்களாம். மற்றவர்கள் துணிப்பையும் மெழுகுவத்தியும் செய்தார்கள். இவள் நம் மீட்புப் படகுக்குப் புதுத் தேடுவிளக்கு வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டு வந்து நின்றாள். பழைய விளக்கு இப்போது எரிகிற நேரத்தைவிட இருமுகிற நேரம் அதிகம், அதை நம்பிப் பனிப்புயலில் இறங்கமுடியாது என்று படகுக்காரர்களே சொல்கிறார்கள். உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, இன்ஜின் நின்று பாறை ஓரம் மிதந்த உன்னை அந்த விளக்குதான் கண்டுபிடித்தது, அப்போது உன்னி தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது அதே கடலுக்குத் தூரே போகிறான், காற்று கூடினால் நான் போர்வை பின்னுகிற சாக்கில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறேன். சரி, விளக்கு வாங்கப் பணத்துக்கு எங்கேயடி போவாய் என்று கேட்டேன். காட் மீனின் காதுக்குள் இருக்கிற கல்லை எடுத்துத் தோடும் ஊக்கும் பதக்கமும் செய்து மாதர் சங்கத்து ஈஸ்டர் சந்தையில் குலுக்கலுக்கு வைப்பாளாம். நான் படித்த ஐந்து வகுப்பில் மீனுக்குக் காது உண்டு என்றே யாரும் சொல்லவில்லை. ஆனால் அவள் எடுத்துக் காட்டினாள், அவரை விதை அளவு, வெள்ளை வெளேரென்று, ஓரமெல்லாம் யாரோ பல்லால் கடித்து நெளி வைத்தது போல. இத்தனை வருஷம் இதைத்தானா வாளி வாளியாகத் தலையோடு பரணில் காயப்போட்டோம் என்று இருந்தது.

தலையும் அவளுக்குப் புதிது இல்லை, எட்டு வயதிலிருந்து மற்றப் பிள்ளைகளோடு, மீன் தலை காயவைத்து விற்கிற சிக்வார்த்தின் கொட்டகையில் கைச்செலவுக்கு மீன் நாக்கு அறுத்து விற்கிறவள்தானே. ஆனால் அவசரத்தில் ஒரு தப்புப் பண்ணிவிட்டாள். நாக்கை அறுத்த கையோடு கத்தியை மேலே வைத்து மண்டையைப் பிளந்து கல்லை எடுத்துவிட்டு, பிளந்த தலைகளையும் மற்றவற்றோடு கோத்துப் பரணில் ஏற்றிவிட்டாள். சிக்வார்த் மறுநாள் பரணைப் பார்த்துவிட்டு நம் வாசலுக்கே வந்துவிட்டார், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "ஏண்டி உன்னி, நைஜீரியாக்காரன் சூப்பு வைக்க முழுத் தலைக்குத்தாண்டி காசு குடுக்கறான், நீ பாட்டுக்குப் பானையாட்டம் உடைச்சு வச்சிருக்கே. முழுசா இல்லாத தலையை அவன் திரும்பிக்கூடப் பாக்கமாட்டான். இனிமே கத்தியோட என் கொட்டகைப் பக்கம் வராதே" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இவள் அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. "தப்பு என்னோடதுதான் மாமா. உடைச்ச தலைக்கெல்லாம் சேர்த்து ஈஸ்டர் வரைக்கும் சும்மாவே தலை கோத்துத் தரேன். கத்தி வேண்டாம், ஊசியும் கயிறும் மட்டும் குடுங்க" என்றாள். ஓசியில் வேலை என்றதும் சிக்வார்த் தொப்பியைக் கழற்றினார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கொட்டகைக்குப் போய்க் குளிரில் விரல் சிவக்கத் தலை கோத்தாள், முறைக்கவுமில்லை, முனகவுமில்லை. நான்தான் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஈஸ்டர் நெருங்குகிறது, இவள் டப்பாவில் உள்ள கல் ஒரு மேஜையின் மூலைக்குக்கூடக் காணாது. கோக்கக் கோக்க ஒரு நாள் அவள் விரலுக்கே தட்டுப்பட்டதாம், செவுள் வழியாக உள்ளே விட்டால் மண்டையின் அடிப்பக்கம் மெல்லிசாக இருக்கிறது, அங்கே ஒடித்தால் கல் கையில் வந்துவிடும், மேலே ஒரு கீறலும் தெரியாது. வீட்டுக்கு ஒரு தலையைக் கொண்டுவந்து என் சமையல் மேஜையிலேயே செய்து பார்த்தாள், மேஜை நாறியதை விடு. மறுநாள் சிக்வார்த் முன்னால் ஒரு வரிசை தலையை அடுக்கி, "இதுல நான் கல் எடுத்தது எது, எடுக்காதது எது, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டாளாம். அவர் கண்ணாடியை மாட்டி, தூக்கி, திருப்பி, மோந்துகூடப் பார்த்துவிட்டு, "உங்கப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு. போ, எடுத்துக்கோ. முதல் ஜோடி என் வீட்டுக்காரிக்கு, அதுக்குக் காசு கேக்கப்படாது" என்றாராம். "சந்தையில குலுக்கல் சீட்டு வாங்குங்க மாமா, உங்க பேருக்கு விழுந்தா குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவர் வாங்கினார் எய்னார், அவர் சீட்டு வாங்கி நான் பார்த்ததே இல்லை.

சந்தையன்று மாதர் சங்கத் தலைவி பெட்ரீனேதான் முதலில் மூக்கைச் சுளித்தாள். "மீன் காதுல கெடந்ததை மனுஷி காதுல மாட்டறதா, ஜெபவீட்டுச் சந்தைக்கு நாம பின்னற காலுறை போதாதா" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள். உன்னி ஒரு கண்ணாடியை மேஜையில் நிமிர்த்தி வைத்துவிட்டுக் காப்பி ஊற்றப் போய்விட்டாள். இந்தப் பொறுமை அவளுக்கு நம் பக்கத்தில் யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை, என்னிடமிருந்து இல்லை. வாஃபிள் அப்பம் தீர்வதற்குள் பெட்ரீனே அந்தக் கண்ணாடி முன்னால் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள், "நான் சும்மா கனம் பாத்தேன்" என்றாள், கழற்றவில்லை. குலுக்கல் முடிந்தபோது மேஜையில் நான் பின்னின காலுறைகள்தான் மிச்சம். மீட்புப் படகுத் தலைவரே எழுந்து நின்று, விளக்குக்குக் காசு சேர்ந்துவிட்டது, வாங்கச் சொல்லியாகிவிட்டது, அடுத்த குளிர்காலத்தில் மீன் திரும்பி வருவதற்கு முன்னால் அது படகில் ஏறிவிடும் என்றார். தூரே கைதட்டவில்லை, தலையைக் குனிந்துகொண்டு பூட்ஸ் கயிற்றைக் கட்டினான், அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

ஈஸ்டருக்கு நீ வருவதாகச் சொல்லியிருந்தாய், கப்பல் பட்டறையில் விடவில்லை, அது உன் தப்பில்லை. ஆனால் சந்தையன்று ஜெபவீட்டுக் கதவு திறந்தபோதெல்லாம் உன்னி திரும்பிப் பார்த்தாள். அவள் மேலங்கிப் பையில் ஒரு தீப்பெட்டி இருந்தது. படகுத் தலைவர் அதைக் கேட்டதற்கு, "இது சந்தைக்கு இல்ல. நீங்க விளக்கைப் போட்டுத் தேடி எடுத்தீங்களே, அவருக்கு" என்றாள். அந்தத் தீப்பெட்டிதான் இந்தப் பொட்டலத்தில் கம்பளிக்குள் இருக்கிறது, அதற்குள் இருப்பது மொத்தக் குளிர்காலத்திலும் கிடைத்ததில் பெரிய கல், சட்டையில் குத்தும் ஊக்காகச் செய்திருக்கிறாள். சுண்ணாம்புபோல் உடையும், பார்த்துத் திற. கூடவே பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்திருக்கிறேன், அதை வெயிலில் வைத்து உருக்கிவிடாதே. உன் மனைவி லீவ் உனக்குத் தனியாகக் கடிதம் எழுதுகிறாள்.

கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக, வேலை நேரத்தில் தலைக்கவசத்தைக் கழற்றாதே. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. இங்கே சுவரில் உள்ள படத்தில் நீ தாடியும் கம்பளிச் சட்டையுமாகக் கடலிலிருந்து அப்போதுதான் தூக்கியெடுத்தவன்போல் இருக்கிறாய், உன்னி அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்துவைத்துவிட்டாள், தபால் படகு ஊதும்போதெல்லாம் அந்த வெறும் ஆணியைத்தான் பார்க்கிறாள். அந்த ஊக்கை மெல்லிய நீலச் சட்டையில் குத்திக்கொண்டு, கை மறைக்காமல், நல்ல வெளிச்சத்தில் நின்று புதிதாக ஒரு படம் எடுத்து உடனே அனுப்பு.

உன் அம்மா
ஹுல்டா