பேசாத கட்டை

6 ஆகஸ்ட் 2003, புதன்

புழுக்கம். தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. மிச்சம் இரண்டு குடம். துணி நாளைக்கு.

கீபோர்டு கிளாஸுக்கு மூன்று பேர். ஹார்பரில் கிரேன் ஓட்டும் செல்வம் அண்ணன் மட்டும் வீட்டில் பழகிவிட்டு வந்திருந்தார்.

சனிக்கிழமை ராயபுரம் ஹாலில் டெஸ்மண்ட் அங்கிளுக்குப் பாராட்டு. ஜாஸ் பியானோவில் ஐம்பத்தைந்து வருஷம். கப்பல், மவுண்ட் ரோடு ஹோட்டல், கல்யாணம் என்று எல்லா இடத்திலும் வாசித்தாயிற்று. இப்போது சனிக்கிழமை மட்டும், இந்த ஹாலில். என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே ஆரம்பிக்க? இடது கை அவசரமில்லாமல் நடக்கும். வலது கை கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்துகொள்ளும். அப்புறம் கடைசியாக வாசிக்கும் மெதுவான பாட்டு. ஏறி ஏறி வந்து, உச்சி ஸ்வரத்தை மட்டும் விட்டுவிடுவார். ஒரு மூச்சு மௌனம். பிறகு இறங்குவார். பன்னிரண்டு வருஷமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறேன். அந்த இடத்தில் கண் தானாக மூடிக்கொள்ளும். கிளாஸிலும் அப்படித்தான் சொல்லித்தருகிறேன்: அங்கே கையை எடுத்துவிடுங்கள்.

பேச்சில் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

7, வியாழன்

விழாவுக்காகப் பியானோ ரிப்பேர். யானைக்கவுனி ஆர்மோனியக் கடைக்காரர் வந்தார். ஹால் சாவி என்னிடம், அதனால் நானும். ஒரு வெள்ளைக் கட்டையை அமுக்கிக் காட்டினார். சத்தமே இல்லை.

"உள்ள கம்பிய அடிக்கிற சுத்தி ஒட்ஞ்சி கீதும்மா. இன்னிக்கி நேத்து இல்ல, பாஞ்சி வர்சம் இருக்கும். உப்புக் காத்து."

பாட்டை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அந்த உச்சி ஸ்வரம். அதே கட்டை.

"இத மட்டும் விட்டுடுங்களேன்." வாயில் வந்துவிட்டது.

"இன்னாம்மா, டாக்டராண்ட போயி ஒரு கால மட்டும் வுட்டுடுன்ற மாரி கீது."

வெட்கம். டீ வாங்கப் போவதுபோல் வெளியே வந்துவிட்டேன்.

8, வெள்ளி

தலைவலி. எழுதிய பேச்சை மூன்று தடவை கிழித்தேன். இத்தனை வருஷம் நான் மெச்சியது அவரையா, உடைந்த சுத்தியையா? தெரிந்துதான் தாண்டினாரா? குழப்பம்.

என் வீட்டுக்காரர்: "கேக்க நல்லா இருந்துச்சில்ல? அப்பால இன்னா ரோதன?" அவருக்கு எல்லாமே சுலபம். ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

9, சனி

பேசினேன். கப்பல், ஹோட்டல் பற்றி மட்டும். அந்த இடத்தைத் தொடவில்லை.

வாசித்தார். ஏறினார். உச்சி ஸ்வரம் கணீரென்று வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். என் கண் மூடவில்லை.

முடிந்ததும் போய்க் கேட்டேன். "அங்கிள், அதை எப்பவும் விட்டுடுவீங்களே?"

"நான் எங்க மேன் விட்டேன்?" யாரானாலும் அவருக்கு 'மேன்'தான். " ஒவ்வொரு வாரமும் அடிச்சேன். அது பேசல. எனக்கு உள்ள கேக்கும்." கண் கலங்கியிருந்தது, சந்தோஷத்தில். "உனக்குக் கேக்கலையா?"

பியானோ மூடியைச் சாத்தினேன்.

"இன்னிக்கு எப்படி?" அவர் என்னிடம் இப்படிக் கேட்டதே இல்லை.

"நல்லா இருந்துச்சு அங்கிள்."

பொய்யா, நிஜமா? தெரியவில்லை.

11, திங்கள்

லாரி வந்தது. ஆறு குடம்.

செல்வம் அண்ணன் அதே பாட்டை வாசித்தார். ஏறி வந்து, நான் சொல்லிக்கொடுத்தபடி கையை எடுத்தார். என் கண் தானாக மூடிக்கொண்டது.

"இன்னா டீச்சர், தப்பா வாசிச்சிட்டனா?"

"தெரியல அண்ணே. இன்னொரு வாட்டி வாசிங்க."