ஆட்சேபணை இல்லை

திண்டிவனம்
4.3.2025

அன்பு ஜெசிந்தாவுக்கு,

செல்வி எழுதுவது. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் தபால். வீட்டில் எல்லாரும் சுகமா? மகளுக்குச் சளி விட்டதா?

என் வெப்சைட் போய்விட்டது, ஜெசி. சவுரியம்மாள் என்று தட்டினால் சென்னை மிட்டாய்க் கம்பெனி ஒன்று திறக்கிறது. எங்கம்மா பெயரை அவர்கள் டிரேட்மார்க் பண்ணி, வேர்க்கடலையில் நான் பிடிக்கிற அதே மல்லாட்டை உருண்டையை விற்கிறார்கள். புகார் கொடுத்து, நடுவர் ஒருவர் தீர்ப்பும் எழுதிவிட்டாராம். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் தீர்ப்புச் சொல்ல நான் எப்போது சம்மதித்தேன்?

பக்கத்துப் பிரம்மதேசத்திலிருந்து உருண்டை பிடிக்க வரும் நாலு பேரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். வெப்சைட் பெயரைப் பதிந்து கொடுத்தது உன் இ-சேவை சென்டர்தானே. விவரம் எழுது.

உன்
ஆரோக்கியசெல்வி

விழுப்புரம்
9.3.2025

அன்புள்ள செல்வி,

கோபிக்காதே. பதியும்போதே, தகராறு வந்தால் நடுவருக்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் அடித்தது நான். உனக்கு மெயில் இல்லாததால் சென்டர் மெயிலையே போட்டேன். இங்கே வருகிற எல்லாருக்கும் அப்படித்தான் செய்கிறோம்.

நோட்டீஸ் அதில்தான் வந்தது. நஷ்டஈடு, கேஸ் என்று ஒரே மிரட்டல். "அது பாவம், கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சிக்கினு கெடக்கும். ஜல்தியா முடிச்சி உடு" என்றார் வீட்டுக்காரர். ஆட்சேபணை இல்லை என்று உன் பெயரில் பதில் போட்டுவிட்டேன். உன் நல்லதுக்குத்தான் செல்வி. வேறு நல்ல பெயராக நானே வாங்கித் தருகிறேன்.

ஜெசிந்தா

திண்டிவனம்
21.3.2025

ஜெசிந்தா,

வேறு அம்மாவும் வாங்கித் தருவாயா?

வக்கீலைப் பார்த்தேன். "பிப்ரவரியில தீர்ப்பு வந்துச்சே, அதுலேர்ந்து மூணு மாசத்துக்குள்ள கோர்ட்டுக்குப் போவலாம்மா. ஆனா அந்த மெயிலு உன்னைக் கேக்காம போட்டதுன்னு, போட்டவங்களே எழுதிக் குடுக்கணும்" என்றார். பத்திரம் இதோடு இருக்கிறது. கீழே என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். உன் இடம் காலி. போட்டால் உன் சென்டர் லைசென்ஸுக்கு ஆபத்து வரலாம் என்றும் சொன்னார், அதை மறைக்கவில்லை.

ஹாஸ்டலில் வருகை நோட்டில் எத்தனை நாள் உனக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! உன் கையெழுத்து எனக்கு அத்துப்படி. ஆனாலும் இதில் நானாகப் போட மாட்டேன். மே பதினைந்துக்குள் அனுப்பு.

செல்வி

திண்டிவனம்
2.6.2025

ஜெசிந்தா,

உன் பதில் வரவில்லை. கோர்ட்டுக்குப் போகிற கெடு முடிந்துவிட்டது. நாலு பேரில் மூன்று பேர் வானூர் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறார்கள்.

நேற்று பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் பாக்கெட்டோடு வந்தார். "நெட்டுல உங்க பேருன்னு வாங்கனேம்மா. பழைய எண்ணெ மாதிரி சிக்கு வாடை அடிக்குது, இன்னாம்மா இது?" மேலே எங்கம்மா பெயர். இது என்னுடையதில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்டு, என் உருண்டையைக் கொடுத்து அனுப்பினேன்.

அந்தப் பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடு. இனி நீ கையெழுத்துப் போட வேண்டாம். அதில் என் கையெழுத்து இருக்கிறது. அது உன்னிடம் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆரோக்கியசெல்வி