நங்கூரத்தில் நிற்கும் கப்பல்

அன்புள்ள அப்பாவுக்குத் தொம்மை எழுதுவது. உவரி அந்தோனியார் புண்ணியத்தில் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

டீசல் இல்லாமல் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. போனில் சார்ஜ் இல்லை, அதனால்தான் கடிதம். துறைமுகத்துக்கு வெளியே இரண்டு மாதமாக நங்கூரத்தில் நிற்கிறோம். கப்பல் முதலாளியிடமிருந்து பதில் இல்லை. பேசிவிட்டு வருகிறேன் என்று கரைக்குப் போன கேப்டனும் திரும்பவில்லை. பயப்பட ஒன்றுமில்லை. தூண்டிலைத் தொடவே கூடாது என்றுதானே என்னைப் படிக்க வைத்தீர்கள்? இப்போது பதினோரு பேருக்கும் நான்தான் மீன் பிடிக்கிறேன். "அரிசிப் பானைக்கு லீவு விட்டாச்சுலே, நீ பைய தூண்டிலப் போடு" என்று சிரிக்கிறார் சமையல்கார வள்ளியூர் அண்ணாச்சி.

தம்பி பெனிட்டோவைக் கப்பல் வேலைக்குக் கேட்டு ஏஜென்ட் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அம்மாவிடம் தினமும் மீன் சாப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

குடிதண்ணீர் கொண்டுவரும் படகுக்காரர் அவசரப்படுத்துகிறார். இதை அவரிடம்தான் கொடுக்கிறேன். இனிமேல் வரமாட்டாராம்.

தொம்மை