டிப்போவுக்குப் பின்னால் கட்டிய செவலை

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் தம்பி பெண்டாட்டியைப் பிரசவம் வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் குடித்தனம் நடத்துகிறேன். பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் குதிரை செவலையை பஸ் டிப்போவுக்குப் பின்னால் காலி இடத்தில் கட்டியிருக்கிறேன். உங்கள் நகராட்சி ஆபீஸ் இடம்தான், முறைக்காதே. வேலை முடிந்து போகும்போது தண்ணீர் காட்டு. வாளியைத் தட்டி "வாடி கண்ணு" என்றால்தான் வாய் வைப்பாள். கண்டவன் மருந்து வைத்துக் களவாடிவிடக் கூடாதென்று நான் பழக்கியது. உனக்குத் தெரியாததா!

உன் செல்லத் தம்பி

ஜூன் 7

அன்புத் தம்பிக்கு,

உன் மகாராணி நலம். என் முந்தானையைக் கடித்துக் கிழித்துவிட்டாள். ஆனால் இனி அங்கே கட்ட முடியாதுடா. முளையைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, சைக்கிளில் போன பெண்ணை இடித்துத் தள்ளிவிட்டாள். நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. அப்புறப்படுத்தச் சொல்லி அவள் கழுத்தில் நோட்டீஸ் கட்டிவிட்டார்கள். அதை டைப் அடித்ததே நான்தான், என் தலையெழுத்து! என் வீடோ மாடி. குதிரையைப் படியேற்றவா? சீக்கிரம் வேறு இடம் பார்.

அக்கா

ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

பதிலே இல்லை. இன்று செவலையை, தெருவில் பிடிக்கும் மாடுகளை அடைக்கும் நகராட்சிப் பட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கயிறு போட்டு இழுத்தார்கள், அவள் எகிறினாள். காலை முறித்துக்கொள்வாளோ என்று பயந்துவிட்டேன். பொறுக்க முடியாமல் நானே போய்க் கூப்பிட்டேன். பிள்ளை மாதிரி என் பின்னால் லாரியில் ஏறினாள். இனி தினமும் அங்கே போய்த் தண்ணீர் காட்டுகிறேன். சொந்தக்காரன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்களாம். ஒரு எட்டு வந்துவிட்டுப் போடா.

அக்கா

ஜூன் 12

அக்கா,

கயிறு போட்டவன் மேல்கூட எனக்குக் கோபமில்லை. நீ ஏற்றிவிட்டாயே! உன் குரலை நம்பித்தானே வந்தாள்? இங்கே இவளுக்கு ஜுரம் அனலாய்க் கொதிக்கிறது. விட்டுவிட்டு எப்படி வருவேன்? நான் வரும்வரை பட்டிப் பக்கம் தலைகாட்டாதே. என் குதிரையைத் தொடாதே. நீ செய்த உபகாரம் போதும்.

தம்பி

ஜூன் 17

தம்பி,

எப்படியடா எழுதுவேன். செவலை போய்விட்டாள்.

வாளியைத் தட்டுவது, கூப்பிடுவது எல்லாம் பட்டிக் காவலாளிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் ஒதுங்கினேன். கேட்கும்போதெல்லாம் "குடிக்குதும்மா, கவலைப்படாதீங்க" என்றான். பயத்தில் சொன்ன பொய். பழகாத குரல், அவன் கையில் அவள் வாயே வைக்கவில்லை. வெயில் வேறு கொளுத்தியது. நேற்று ஆபீசுக்கே ஓடிவந்தான். "அம்மா, வயிறு உப்பி விழுந்துடுச்சும்மா" என்றான். நான் போய்க் கூப்பிட்டபோது காதை மட்டும் அசைத்தாள். நாக்கு நனைந்தது, விழுங்க முடியவில்லை. மாட்டு டாக்டர் வந்தும் ஒன்றும் நடக்கவில்லை. உன் பெண்டாட்டிக்கு எப்படி இருக்கிறது? அதையாவது எழுது.

அக்கா

ஜூன் 22

அக்கா,

பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம்.

நேற்றுப் பட்டிக்கு வந்துவிட்டுப் போனேன். உன் வீட்டுப் பக்கம் கால் வரவில்லை. காவலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனை என்ன சொல்ல? நீ தினமும் சாயந்திரம் வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்று விசாரித்தாயாம். உள்ளே வந்து பாருங்கள் என்றால், "வேணாம்ப்பா, என் தம்பி போகக் கூடாதுன்னு சொல்லிட்டான்" என்றாயாம்.

சின்ன வயதில் கிணற்றை எட்டிப் பார்க்காதே என்பேன், அப்போதுதான் எட்டிப் பார்ப்பாய். மாமா வேண்டாம், முசுடு என்று தரையில் புரண்டு அழுதேன். அவரைத்தான் கட்டிக்கொண்டாய். டவுனில் வேலைக்குப் போகாதே என்றேன், போனாய். பிறந்ததிலிருந்து என் பேச்சை நீ ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா?

இந்த ஒரு தடவை மட்டும் ஏன் அக்கா கேட்டாய்?

தம்பி