நீ கீறாத சிரிப்பு

இந்தத் திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் கணினியைத் திறந்தேன். திரையில் கமலா சிரித்துக்கொண்டிருந்தாள்.

நீ படமாகக் கீறிய கமலா. காதோரம் கலைந்த மயிர், சற்றே உயர்ந்த இடது புருவம், எல்லாம் உன் கை. வாய் மட்டும் உன் கையில்லை. யாரோ அதன் இரண்டு முனைகளையும் பிடித்து மேலே இழுத்துவிட்டிருந்தார்கள். நீ போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. இனி உன்னிடம் கேட்கத் தேவையில்லை என்ற துணிவு அவர்களுக்கு.

ஆடைத் தொழிற்சாலைப் பெண்களுக்கான அந்த இணையவழிப் பயிற்சியை நாம் செய்தது நெல்லியடியில், அதே அலுவலகத்தின் மாடி அறையில். கதையும் வசனமும் நான், படம் நீ. கைபேசியில் படம் படமாகக் கதை ஓடும். தைத்துக்கொண்டிருக்கும் கமலாவின் தோளில் சுப்பவைசர் கை வைப்பான். அங்கே கதை நிற்கும். நீங்கள் கமலாவானால் என்ன செய்வீர்கள்? பேசாமல் இருப்பதா, பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வதா, முறைப்பாடு கொடுப்பதா? பார்ப்பவள் எதைத் தொடுகிறாளோ, கதை அந்த வழியில் போகும்.

"சரியான விடையைத் தொட்ட உடனை எல்லாம் சரியாப் போச்செண்டால் அது கதை இல்லையடி, பொய்," என்றாய். அதனால் முறைப்பாடு கொடுத்த கமலாவின் முதுகுக்குப் பின்னால் மற்றவர்கள் குசுகுசுப்பதைக் கீறினாய். அவள் தனியே இருந்து சோறு தின்பதைக் கீறினாய். நீயும் அப்படித் தின்றவள்தான். காங்கேசன்துறையில் முதன்முதல் வேலை பார்த்த இடத்தைப் பற்றி ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாய். சொல்லி முடியும்வரை பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

பயிற்சியைத் தொழிற்சாலையில் முதலில் காட்டியபோது நாமும் போயிருந்தோம். முடிந்ததும் ஒரு பிள்ளை உன்னிடம் வந்தாள்.

"அக்கா, உந்தக் கமலா நான்தான். எங்கடை சுப்பவைசரும் உப்பிடித்தான் செய்யிறவன்."

சொல்லிவிட்டு அழுதாள். நீ அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. கையைப் பிடித்து நேரே முகாமையாளரின் அறைக்குக் கூட்டிப் போனாய். அந்தச் சுப்பவைசரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான். "அங்கையும் பொம்பிளைப் பிள்ளையள்தானே தைக்கினம்!" என்று நீ கத்தியது வாசல்வரை கேட்டது.

அடுத்த கிழமை நம் முதலாளிக்குத் தொழிற்சாலையிலிருந்து தொலைபேசி வந்தது. எந்த விடையைத் தொட்டாலும் கடைசியில் கமலா சிரிக்க வேண்டுமாம்.

"பிள்ளை, உது படம்தானே. வாயை மட்டும் கொஞ்சம் மாத்திவிடுமன்," என்றார் அவர்.

"சேர், அந்தப் பிள்ளை எனக்கு முன்னாலை நிண்டு அழுதவள். நான் சிரிப்புக் கீறமாட்டன்."

பேச்சு அப்படியே நின்றது. அதற்குள் புற்றுநோய் உன்னைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும், "மாத்திப்போட்டினமோ?" என்று கேட்டாய். இல்லை என்றேன். அன்றைக்கு அது உண்மை.

திங்கட்கிழமை முதலாளி என் மேசைக்கு வந்தார்.

"படம் சரியாப் போச்சு. 'இப்போது நான் மகிழ்ச்சியாக வேலை செய்கிறேன்' எண்டு கமலா சொல்லுற மாதிரி ஒரு வசனம் மட்டும் எழுதித் தாரும்."

"ஆரைக் கேட்டு மாத்தினனீங்கள்?"

"அவ இப்ப இல்லைத்தானே, பிள்ளை."

"அவ இல்லை. நான் இருக்கிறன். எழுதமாட்டன்," என்றேன். அவர் என் கணினியைத் தன் பக்கம் திருப்பி, எனக்கு முன்னாலேயே அந்த வரியைத் தட்டினார். நான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன். இனி அங்கே போகப்போவதில்லை.

தெருவில் நின்றபடியே, அன்று உன் முன்னால் அழுத அந்தப் பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் இப்போது வேறு ஒரு தொழிற்சாலையில் தைக்கிறாள். நம் பழைய கதை என் மடிக்கணினியில் அப்படியே இருக்கிறது என்றேன்.

"கொண்டு வாங்கோ அக்கா. ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிடுறன்."

இன்று உடுவிலில் அவள் வீட்டுக்குப் போனேன். பெண்கள் நெருக்கியடித்து இருந்து பார்த்தார்கள். சுப்பவைசர் கை வைத்த இடத்தில் கதை நின்றது. ஒருத்தியும் திரையைத் தொடவில்லை. பின்னால் நின்ற ஒருத்திதான் கேட்டாள்.

"அக்கா, எல்லாரும் மெசினை நிப்பாட்டிப்போட்டு ஒண்டா எழும்பினால்? அது ஏன் இதிலை இல்லை?"

அந்தக் கேள்வியையும் கொண்டுதான் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் கடதாசியை எடுத்தேன். முதலில் உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. இந்த ஒரு படத்தைக் கீறாமல் எங்கேயடி போனாய்? பிறகு நானே கீறத் தொடங்கினேன். உன் கோபம் முழுவதும் என்னிடம் இருக்கிறது, உன் கைதான் இல்லை. எழும்பி நிற்கும் பெண்களின் கால்கள் கோணிக் கோணிப் போகின்றன. அழித்து அழித்துக் கீறுகிறேன். ஆனால் ஒருத்தியையும் உட்கார விடவில்லை.