அருங்காட்சியகத்தில் எனக்கு நடந்த கல்யாணம்

அன்பு மகள் நிம்கித்துக்கு,

இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி பூர்பாவும் சுகம், சினைமாடும் சுகம், நேற்று மேகம் விலகி மலையும் முகம் காட்டியது, அதுவும் சுகம். பெங்களூரில் நீ சுகமாக இருக்கிறாயா, ஆஸ்பத்திரியில் இன்னும் இரவு வேலைதானா, கஞ்சியாவது சூடாகக் குடிக்கிறாயா என்று எழுது. இதை வாசிக்கும்போது அப்பா யாரிடம் சொல்லி எழுதியிருப்பார் என்று தேடாதே. யாரும் இல்லை. நான்தான், என் கையால்தான். பள்ளிக்கூடத்து மாலை வகுப்பு முடிந்துவிட்டது, இப்போது எழுத்து எல்லாம் எனக்குக் கட்டுப்படுகிறது, மெதுவாகத்தான். காலையில் உட்கார்ந்தேன், இந்த இடத்துக்கு வருவதற்குள் அம்மா இரண்டு முறை அடுப்புக்கு விறகு போட்டுவிட்டாள். “கல்லு சொமக்கிறவன் கூட இவ்வளவு மூச்சு வாங்க மாட்டான்” என்கிறாள். சொல்லட்டும்.

பூர்பாவின் கல்யாணம் நின்று போகப் பார்த்தது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், பதறாதே, முழுதும் வாசி. சாங்மித்தைக் கேட்டு நாம் அனுப்பிய சீ மதுவையும் துணியையும் பெண் வீட்டார் வாங்கிக்கொண்டது உனக்குத் தெரியும். கடைசி வார்த்தை அவளுடைய தாய்மாமன் லோடெனிடம் இருந்தது. அவர் வந்து நம் வீட்டுச் சீயைக் குடித்தால் சம்மதம், குடிக்காமல் போனால் இல்லை. போன வாரம் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தார், சம்பந்தம் பேச நடுவில் நிற்கிற பீபுவும் கூட வந்தார். அம்மா கேழ்வரகைப் புளிக்க வைத்திருந்தது இன்னும் பதத்துக்கு வரவில்லை, சாயங்காலம்தான் ஆகும் என்றாள். அதுவரை மனிதரை என்ன செய்வது? நம் பள்ளிக்கூடத்துக்குக் கீழே போன வருஷம் திறந்த அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன், பூர்பாவும் கூட வந்தான். மறைப்பானேன், அங்கே என் பொம்மை இருக்கிறது, அதை அவர் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நீ அதைப் பார்த்ததில்லை. நம் லெப்சா வீடு ஒன்றை உள்ளேயே கட்டி, அடுப்பு மூட்டி, மூங்கில் கூடை, வில், பான் கத்தி எல்லாம் மாட்டி, அடுப்பருகே ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருப்பதுபோல இரண்டு சுண்ணாம்புப் பொம்மைகள் வைத்திருக்கிறார்கள். முகம் அச்செடுக்க ஊரிலிருந்து யாராவது வேண்டும் என்று சிற்பி வந்தபோது நான் போய்ப் படுத்தேன், பெண்ணுக்கு உன் தூமித் அத்தை படுத்தாள். அம்மா ஏலக்காய்க் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு நேரமில்லை. பொம்மைக்கு என் பழைய தும்ப்ரா உடுப்பையும் மூங்கில் தொப்பியையும் நானே கொடுத்தேன். லோடென் மாமா என்னையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அண்ணே, உங்கள விட இவரு தெளிவா இருக்காரே, பேசாம இவரையே சம்பந்தி ஆக்கிக்கலாம்” என்றார். எல்லாரும் சிரித்தோம். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கீழே ஒரு பலகை இருந்தது, நம் லெப்சா எழுத்தில். ஒரு வருஷமாக அங்கே இருக்கிறது, போகிறவர் வருகிறவர் யாரும் வாசித்ததில்லை. நிம்கித், எனக்கு வாசிக்கத் தெரிந்துவிட்டதே! ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரல் வைத்து, கூட இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, “அடுப்பருகே கணவனும் மனைவியும்” என்று ஒரு தடங்கல் இல்லாமல் வாசித்தேன். பீபு கைதட்டினார். லோடென் மாமா மட்டும், “பொம்மை நீங்க, சரி. அந்தம்மா யாரு?” என்று கேட்டார். வாசித்த சந்தோஷத்தில் எனக்கு மண்டை வேலை செய்யவில்லை. “எங்க சித்தப்பா மக தூமித்து” என்றேன்.

கைதட்டல் நின்றுவிட்டது. அப்பன் வழியில் ஒன்பது தலைமுறைக்குள் கல்யாணம் ஆகாது, மீறினால் செய்தவனை மட்டுமல்ல, ஊரையே ஒரு வருஷம் தோஷம் பிடிக்கும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. லோடென் மாமா பத்தடி பின்னால் போனார். “போன வருஷம் எங்க ஊருல ஆரஞ்சு பூவெல்லாம் ஆலங்கட்டியில கொட்டிப் போச்சு. ஏன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தோம். இங்க இருக்கு காரணம்” என்றார். அது வெறும் சுண்ணாம்புதானே, மாமா என்றேன். “தொப்பி யாருது?” என்றார். என்னுடையது என்றேன். “அந்தம்மா கழுத்துல பாசி?” அது தூமித் கொடுத்தது என்றேன். அவர் குனிந்து, பொம்மைகளுக்கு நடுவே இருந்த மூங்கில் குவளையைப் பார்த்தார். உண்மையான சீ, மேலே இரண்டு உறிஞ்சு குழல். அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்கிற பெண் கெசாங், வாசனை இருந்தால்தான் வீடு மாதிரி இருக்கும் என்று அடிக்கடி புதிதாக நிரப்புகிறாளாம். “ஒரே குவளை, ரெண்டு குழல், ஒரு வருஷம்! இதுக்கு மேல கல்யாணம் எப்படிப் பண்றது?” என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். நம் வீட்டுப் பக்கமே வரமாட்டாராம். பூர்பா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல எனக்கு இன்னும் எழுத்து போதாது.

ஊர் கூடிவிட்டது. தூமித் ஓடி வந்தாள். “இந்த மூஞ்சிக்கா நான் பொண்டாட்டி? எனக்கு வேற ஆளா கெடைக்கல?” என்று பொம்மையிடம் கத்திவிட்டு அப்புறம் என்னிடமும் கத்தினாள். பூசாரி பொங்திங் வந்தார். தோஷம் கழிக்கலாம், ஆனால் முதலில் இரண்டு பேரையும் பிரிக்க வேண்டும் என்றார். கெசாங் அழாத குறை. பொம்மைகள் தரையில் இரும்புக் கம்பி வைத்துப் பதித்தவை, பெரிய அலுவலகத்திலிருந்து ஆள் வந்தால்தான் எடுக்க முடியும் என்றாள். சரி, தூமித்தைச் சுவர்ப் பக்கமாவது திருப்பி வைப்போம் என்று நாலு பேர் பிடித்தார்கள். இடது கை கழன்று வந்துவிட்டது. தூமித் “ஐயோ என் கையி!” என்று தன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், அன்றிலிருந்து அவளுக்கு வலது கை வலிக்கிறது, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் குழலில் ஒன்றை உருவி எறிந்தேன். உருவினது யாருடைய குழல் என்று பொங்திங் கேட்டார், அதற்கு ஒரு வாக்குவாதம்.

பீபு கல்லுக்கும் கதவுக்குமாக நடந்து நடந்து ஓய்ந்து போனார். கடைசியில் அவர்தான் லோடென் மாமாவிடம் கேட்டாராம், “மாமா, அந்தப் பலகைய வாசிக்கிறதுக்கு முன்னாடி நீங்க சிரிச்சுக்கிட்டுதானே இருந்தீங்க? அப்ப தோஷம் பொம்மையில இல்ல, பலகையில இருக்கு” என்று. மாமா கல்லிலிருந்தே கழுத்தை நீட்டிக் கதவைப் பார்த்தார். பிறகு, “அப்ப பலகைய மாத்துங்க. வாசிச்சவரே எழுதட்டும்” என்றார். கெசாங் ஒரு வெள்ளை அட்டையும் மையும் கொண்டு வந்தாள். நிம்கித், நோட்டில் அல்லாமல் நான் முதன்முதலாக எழுதியது அதுதான். ஊர் மொத்தமும் என் தோளுக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது, ஒரு மகனின் கல்யாணம் என் விரல் நுனியில் நின்றது, எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் உண்மையைச் சொன்னால் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. “அடுப்பருகே அண்ணனும் தங்கையும்” என்று எழுதினேன். கெசாங் வாசித்துக் காட்டினாள். லோடென் மாமா எழுந்து உள்ளே வந்தார், அட்டையைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், முகம் மறுபடியும் சுருங்கியது. “தங்கச்சி இருக்கு, சரி. பொண்டாட்டி எங்க? பொண்டாட்டி தங்காத வீட்டுலயா எங்க பொண்ணக் குடுக்கறது?” என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மையைத் தொட்டு இன்னொரு வரி எழுதினேன், “மனைவி ஏலக்காய்க் காட்டுக்குப் போயிருக்கிறாள்.” மாமா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். “அது நியாயம்” என்றார். பொங்திங் ஒரு சேவலை வைத்து மீதியைக் கழித்தார். சாயங்காலம் நம் வீட்டு அடுப்பருகே உட்கார்ந்து மலைக்கு மூன்று சொட்டுத் தெளித்துவிட்டு லோடென் மாமா குவளையை அடிவரை உறிஞ்சினார், குவளையில் புளித்த கேழ்வரகின் மேல் சுடுதண்ணீர் ஊற்றி ஊற்றி அம்மாவுக்குக் கை ஓய்ந்தது. கல்யாணம் ஏலக்காய் அறுவடை முடிந்ததும்.

வெளியூர்க்காரர்கள் வந்து கெசாங்கை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மனைவி எப்போது வருவாள் என்று கேட்கிறார்களாம், இருட்டுவதற்குள் வந்துவிடுவாள் என்று கெசாங் சொல்கிறாளாம். அம்மாவுக்கு யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். நேற்று கூடையோடு நேரே உள்ளே போய், என் பொம்மையின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, “ஒரு வருஷமா இன்னொருத்தியப் பக்கத்துல வெச்சுக்கிட்டுக் குடிச்ச, போனாப் போவுது. பொம்மையிலயும் நான்தான் களை எடுக்கப் போவணுமா?” என்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அதையே என்னிடமும் கேட்டாள், நான் கூடையை வாங்கிக்கொண்டு களை எடுக்கப் போனேன்.

மலையும் ஆறும் உன்னைக் காக்கட்டும், உன் கை தொட்ட நோயாளிகள் எல்லாரும் எழுந்து நடக்கட்டும். இப்போதே விடுமுறை கேட்டு வை, மழையில் பாதை சரிந்தால் சுற்றி வர நாள் பிடிக்கும். அட்டைப் பூச்சிக்கு உப்பு எடுத்துக்கொள். பதிலை நீயே உன் கையால், பெரிய எழுத்தில் எழுது, நான் யாரிடமும் கொடுக்காமல் நானே வாசிப்பேன், உரக்க மட்டும் வாசிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஓங்தென்